திருட்டுச் சான்றிதழ்

"திருடு போயிருக்கணும்மா. அதைத்தான் சொல்றேன்."

"எது?"

"உங்க புத்தகம்."

"அது திருடு போகலயே தம்பி. இதோ, கூடைக்குள்ளதான் இருக்கு."

"அதாம்மா சிக்கல்."

அந்த அம்மாள் கூடையைப் பார்த்தார். கூடையில் வெள்ளைத் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல் நூலால் கட்டிய முப்பத்தெட்டுத் தாள்கள். பிறகு என்னைப் பார்த்தார், ஒரு குழந்தை கால் முதலில் வரப்போகிறதா என்று பார்ப்பது போல.

அவர் பெயர் பெனொய்த் கர்னியே. சோன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், செயின்ட் ஜார்ஜ் பகுதியில் முப்பது வருடமாக மருத்துவச்சி. அங்கே தெருவில் நடமாடும் பாதிப் பேரை முதலில் தொட்டவர் அவர்தான். நான் என்மோன் தார்தி, லியோன் நகர நூல் மன்றத்தின் இரண்டாம் எழுத்தன். அச்சுக்கு அனுமதி கேட்டு வருகிறவர்கள் முதலில் என் மேசைக்குத்தான் வருவார்கள்.

"அம்மா, இந்த ஊர்ல அச்சாகிற புத்தகத்தோட முன்னுரைய நீங்க படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"முன்னுரை யாரு படிப்பா?"

படிக்க வேண்டியது அதுதான். எல்லா முன்னுரையிலும் ஆசிரியர் ஒரே விஷயத்தைச் சொல்வார். இதை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. நண்பர்கள் சிலர் படிக்கட்டும் என்று கையால் எழுதி வைத்திருந்தேன். அவர்களில் ஒருவர் என் அலமாரியிலிருந்து எடுத்துப்போய் அச்சுக்காரரிடம் கொடுத்துவிட்டார். வெட்கத்தால் தலை குனிந்து நிற்கிறேன். இது எங்கள் நகரத்தின் நாகரிகம். மரியாதையுள்ளவர்கள் பத்து நண்பர்களுக்காக எழுதுவார்கள். அந்தப் பத்துப் பேர் தலைக்கு ஒரு பிரதி எழுதிக்கொள்வார்கள். சந்தையில் எவன் வேண்டுமானாலும் வாங்கும்படி எழுதுவது மீன் விற்பது போல.

இருபது வருடங்களுக்கு முன்பு பாதிரியார் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை புத்தகங்களும் உண்மையிலேயே திருடப்பட்டவைதானா? விசாரித்தார்கள். ஒன்றுகூட இல்லை. ஆசிரியர்களே துணியில் சுற்றி, மழையில் நனையாமல் அச்சகத்துக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். முன்னுரையில் பொய் சொல்லும் ஊர் என்று பாரிஸ்காரர்கள் சிரித்தார்கள். அந்தப் பொய்யை ஒழிக்கத்தான் நூல் மன்றம் வந்தது. அன்றிலிருந்து, உண்மையாகத் திருடப்பட்டதாக நிரூபிக்கப்பட்ட நூல் மட்டுமே லியோனில் அச்சாகும்.

பெனொய்த் அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"நானே வந்து குடுக்கறேன்னு சொன்னா?"

"அப்படி இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லம்மா."

"நான் சொல்றேன்."

இதற்கு என்னிடம் படிவம் இல்லை. தலைவரிடம் அழைத்துப் போனேன்.

*

தலைவர் சிம்ஃபோரியன் வலூ முயல் ரோமம் வைத்த அங்கியை ஈஸ்டர் முடிந்தும் கழற்றாதவர். நல்ல கவிஞர் என்று அவர் மைத்துனர் சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா, எதுக்கு அச்சடிக்கணும்?"

"ஒரு பொண்ணு செத்துப்போச்சுங்க ஐயா."

அவர் சொன்னதை நான் அப்படியே குறித்துக்கொண்டேன். எட்டு வருடங்களுக்கு முன், பிரசவம் பார்ப்பது பற்றித் தனக்குத் தெரிந்ததை எழுதி, இரண்டு மருத்துவச்சிகளுக்கு இரவல் கொடுத்தார். அவர்கள் பிரதி எடுத்தார்கள். அவர்களிடமிருந்து மற்றவர்கள். எடுத்தவர்கள் எல்லோரும் தங்களுக்குப் பிடித்த ஒன்றிரண்டு வைத்தியங்களையும் நடுவில் சேர்த்தார்கள். கையெழுத்துப் பிரதி என்றால் அப்படித்தான். விருந்துக்குப் போகிறவர் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோவது போல. அதில் ஒருவர், பிள்ளை பிறந்த பின் நஞ்சுக்கொடி விழாவிட்டால் சவீன் என்ற கடுமையான மூலிகையின் இலையைத் திராட்சை ரசத்தில் காய்ச்சி, விழும்வரை கொடுக்கச் சொல்லியிருந்தார். கீழே, 'செயின்ட் ஜார்ஜ் பெனொய்த் கைகண்டது' என்று அழகான கையெழுத்து. மார்ச் மாதத்தில் நாடா நெய்பவர் ஒருவரின் மனைவி, இருபத்திரண்டு வயது, அதைக் குடித்தாள். ரத்தம் நிற்கவில்லை. அவள் கணவன் அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு இவர் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"என்னைத் திட்டவும் இல்லைங்க. 'நீங்க எழுதினபடிதானேம்மா செஞ்சோம்'னு கேட்டான்."

"அந்த இலை வேலை செய்யாதா?" என்றார் தலைவர்.

"நல்லா வேலை செய்யும். அதான் நான் அதை எழுதவே இல்ல. இப்ப அந்தப் பிரதி எட்டு ஊர்ல இருக்குன்னு சொல்றாங்க. ஒவ்வொருத்தர் வீட்லயும் போய் நான் கிழிக்க முடியுமா? அச்சுல வந்துட்டா எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி இருக்கும். நடுவுல யாரும் எதையும் சொருக முடியாது. ஆகஸ்ட் சந்தைக்கு வர்ற வியாபாரிங்க படகுல எடுத்துட்டுப் போயிடுவாங்க. அதுக்குள்ள வேணும்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஆக, உனக்கு ஒரு காரணம் இருக்கு."

"இருக்குங்க."

"எழுத்தரே, குறிச்சுக்கோங்க. காரணம் இருக்குன்னு தானே ஒத்துக்குது." என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார், ஆனால் அவருக்குத் தாழ்ந்த குரல் கிடையாது. "காரணத்தோட எழுதுறவங்கள நான் நம்புறதே இல்ல. நல்ல எழுத்து சும்மா வரணும்." பிறகு அவரிடம்: "யாரு சொல்லி எழுதின?"

"யாரும் சொல்லல. மறந்துடக் கூடாதேன்னு எழுதினேன்."

"உனக்குத் தெரிஞ்சது உனக்கு ஏன் மறக்கப்போகுது?"

"எனக்கப்புறம் வர்றவங்களுக்கு."

"வர்றவங்க யாரு? பேரு சொல்லு."

"இன்னும் பொறக்கல ஐயா."

தலைவர் என்னை அர்த்தத்தோடு பார்த்தார். 'பெயர் சொல்ல மறுக்கிறார்' என்று எழுதினேன்.

ஆனால் தலைவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. விதிகளைப் பொறுமையாக விளக்கினார். திருடுகிறவர் ஆசிரியரின் நண்பராக இருக்க வேண்டும். அந்தஸ்தில் ஒரு படியாவது மேலானவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் களவு. பூட்டிய அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும். ஆசிரியருக்குத் தெரியவே கூடாது. தெரிந்த பிறகு அவர் இரண்டு சாட்சிகள் முன்னால் வருந்த வேண்டும்.

"தெரியாம நடக்கணும்னா நான் எப்படிங்க ஏற்பாடு பண்றது?"

"ஏற்பாடு பண்ணக் கூடாதும்மா. அது மோசடி."

"அப்ப?"

"நடக்கணும்." தலைவரின் முகம் கனிந்தது. "என்னோட ஈரேழு கவிதைகளை என் மைத்துனர் ஆறு தடவை திருடியிருக்கார். கள்ளமில்லாத மனுஷன். ஒவ்வொரு தடவையும் நான்தான் ரெண்டு மூணு கடிதம் எழுதி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. அலமாரி சாவிய அவர் வீட்டுக்கே அனுப்பினேன். அப்படியும் ஒரு வருஷம் மறந்துட்டார். அந்த வருஷம் நான் பட்ட வேதனை எனக்குத்தான் தெரியும்."

வேதனை என்ற சொல் வந்ததும் பெனொய்த் அம்மாள் பழக்கத்தில் அவர் மணிக்கட்டைத் தொட்டு நாடி பார்க்கப் போனார். நான் வெளியே அழைத்து வந்தேன்.

*

அடுத்த வாரம் வந்தபோது அவர் கையில் வேறு கூடை இருந்தது.

"என்ன ஆச்சும்மா?"

"நேரா விஷயத்துக்கு வந்துடறேன் தம்பி. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனப்ப புத்தகத்தக் கோயில் பெஞ்சு மேல மறந்து வெச்சுட்டு வந்தேன்."

"மறந்தா?"

"மறந்த மாதிரி. வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டல, ரொட்டிக்கடை க்ளாடா மூச்சு வாங்க ஓடிவந்து குடுத்துட்டுப் போறா. திங்கக்கிழமை பாலத்துச் சுவர் மேல வெச்சேன். ஒரு படகுக்காரன் கொண்டு வந்தான். 'எங்க ரெண்டாவது பையன நீங்கதான் எடுத்தீங்க, இந்தாங்க'ன்னு ஒரு மீனும் சேத்துக் குடுத்தான். செவ்வாய்க்கிழமை சந்தையில கூடையோட விட்டுட்டுத் தள்ளி நின்னேன். அப்பதான் ஒருத்தன் வந்தான். நல்ல திருட்டு முழி. எனக்கு அவ்வளவு சந்தோஷம்."

"எடுத்துட்டானா?"

"கூடைய எடுத்தான். பாலாடைக்கட்டிய எடுத்தான். துணிய எடுத்தான். புத்தகத்தப் பிரிச்சு ரெண்டு பக்கம் படிச்சுப் பாத்துட்டு, கல்லு மேல பத்திரமா வெச்சுட்டுப் போயிட்டான்."

விதிப்படி இதையும் ஒரு மனுவாக எழுதிக்கொண்டேன். திருட்டு ஆய்வாளர் ஜகாரி முனே அதைப் படித்துவிட்டு, பாலாடைக்கட்டிக்கு மட்டும் சான்றிதழ் தரலாம் என்று எழுதி அனுப்பினார்.

முனேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு சுங்கச்சாவடியில் பீப்பாய்களைத் தட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தவர். மனிதர்களிடமும் அவர் கேட்பது அந்தச் சத்தத்தைத்தான். யாராவது காலை வணக்கம் சொன்னால், எதற்காகச் சொன்னார் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். மன்றத்திலேயே நேர்மையானவர். அதனால் அவரோடு யாரும் சாப்பிடுவதில்லை.

மே மாதக் கடைசியில் பெனொய்த் அம்மாளுக்கு ஒரு திருடர் கிடைத்தார். வழக்கறிஞர் ஒனோரே பிஸ்யே. அவருடைய மூன்று குழந்தைகளையும் இவர்தான் எடுத்தார். நண்பர், அந்தஸ்தில் மேலானவர். பக்கத்து வீட்டில் ஒரு அலமாரி இரவல் வாங்கி, இரண்டு பேர் தூக்கி மாடிக்குக் கொண்டுவந்து, அதற்குள் அந்த முப்பத்தெட்டுத் தாள்களை வைத்துப் பூட்டினார்கள். திருட்டு குறித்த நாளில் நடந்தது. விசாரணைக்கு முனே அமர்ந்தார். நான் எழுதினேன்.

"வழக்கறிஞரே, வீட்டுக்குள்ள எப்படிப் போனீங்க?"

"கதவைத் தட்டினேன்."

"தட்டினீங்களா?"

"பின்ன? சொல்லாம ஒரு பொம்பள வீட்டுக்குள்ள எப்படிப் போறது?"

"அவங்க திறந்தாங்க. அப்புறம்?"

"உக்காருங்கன்னாங்க. கொஞ்சம் திராட்சை ரசம் குடிச்சேன். பெரியவனுக்குப் பல்லு விழுந்தத பத்திப் பேசினோம். அப்புறம் மேல போய்த் திருடினேன்."

"பூட்டை உடைச்சீங்களா?"

"சாவி அதுலயே இருந்தது."

முனே மெதுவாகப் பெனொய்த் அம்மாள் பக்கம் திரும்பினார்.

"சாவி ஏன் அதுல இருந்தது?"

"வேற எங்கங்க இருக்கும்? அடுத்தவங்க அலமாரி. சாவி தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?"

"திரும்பும்போது ஏதாவது நடந்ததா?"

வழக்கறிஞர் பிஸ்யே இங்கே கொஞ்சம் நெளிந்தார். அங்கிக்குள்ளிருந்து ஒரு சீட்டின் நகலை எடுத்து மேசை மேல் வைத்தார். 'முப்பத்தெட்டுத் தாள்கள், திருட்டின் பொருட்டுப் பெற்றுக்கொண்டேன்.' கீழே கையெழுத்து, தேதி, முத்திரை.

"ரசீது குடுத்தீங்களா?"

"இருபத்தஞ்சு வருஷமா வக்கீலா இருக்கேன் ஐயா. ஒருத்தர்கிட்டேருந்து காகிதத்த வாங்கிட்டு ரசீது குடுக்காம வர எனக்குக் கை வரல. தெரு முனை வரைக்கும் போயிட்டேன். மனசு கேக்கல. திரும்பி வந்து குடுத்துட்டேன்."

முனே இறகுப் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கடமைக்காகக் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"புத்தகம் போயிடுச்சுன்னு தெரிஞ்சதும் என்னம்மா சொன்ன?"

"சரி, போகட்டும்னேன்."

"அழலயா?"

"எதுக்குங்க? அது என் தலைக்குள்ள இருக்கு. காகிதம் கிடைச்சா நாலு நாள்ல திரும்ப எழுதிடுவேன்."

"போட்ட உழைப்பு? பேரு? மானம்?"

"ஐயா, அழுறதுக்கு எனக்கு வேற இடமெல்லாம் இருக்கு," என்றார் பெனொய்த் அம்மாள். "போன வாரம் வியென் ஊர்லேருந்து படகுக்காரன் சேதி சொன்னான். அங்க ஒரு மாவு மில்காரன் பொண்டாட்டி. அதே இலை. அதே பிரதி. நீங்க என்ன கேட்டாலும் நான் சொல்றேன், சீக்கிரம் கேளுங்க."

மனு தள்ளுபடியானது, தாள்கள் அவர் கூடைக்கே திரும்பின. காரணம்: ஆசிரியர் திருட்டுக்கு ஒத்துழைத்தார், திருடர் நாகரிகமாக நடந்துகொண்டார், வருத்தம் வேறு விஷயத்தைப் பற்றியதாக இருந்தது. அந்த மூன்றாவது காரணத்தை எழுதும்போது மை கொஞ்சம் தெறித்தது. புது இறகு, சரியாகச் சீவாதது.

*

ஜூலை நடுவில் மெர்சியேர் தெரு அச்சுக்காரர் ஜெர்வே ப்ளான்ஷ் ஒரு மனுவோடு வந்தார். வாய் நிறையச் சிரிப்பு. ஒரு தடித்த கையெழுத்துப் பிரதி, அறுபத்தொரு தாள்கள். தலைப்பு: 'செயின்ட் ஜார்ஜ் பெனொய்த் கர்னியே எழுதிய பிரசவ நூல்.'

"எப்படிக் கிடைச்சது?" என்றார் முனே.

"திருடினேன்."

"யாருகிட்டேருந்து?"

நகர ஆலோசகர் ஒருவரின் மனைவியிடமிருந்து. ஆலோசகரின் மனைவி அதைத் தன் நாத்தனார் பெட்டியிலிருந்து, அவள் குளிக்கப் போன நேரத்தில் எடுத்தவள். நாத்தனார் ஒரு கன்னிமடத் தலைவியிடம் ஒரு நாள் இரவல் வாங்கி, ஒன்பது வாரம் வைத்துப் பிரதி எடுத்து, தொலைந்துவிட்டது என்று சொன்னவள். கன்னிமடத் தலைவி ஒரு மருந்துக்கடைக்காரரிடமிருந்து, அவர் ஆன்மாவுக்காகச் செபிப்பதாகச் சொல்லி. மருந்துக்கடைக்காரர் ஒரு மருத்துவச்சியின் பூட்டிய அலமாரியிலிருந்து, அவள் தூங்கும்போது. சவீன் இலை அந்த மருந்துக்கடையில்தான் நல்லதாகக் கிடைக்கும் என்று நாற்பத்து நாலாம் தாளில் ஒரு குறிப்பும் இருந்தது. எல்லோரும் அவரவர் திருட்டை அவரவர் கையால் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். எங்கும் ஒரு ரசீதுகூட இல்லை.

முனே இரண்டு நாள் தட்டிப் பார்த்தார். எங்கே தட்டினாலும் கெட்டியான சத்தம்.

"இருபது வருஷம் ஆச்சு எழுத்தரே," என்று என்னிடம் சொன்னார். அவர் கண்கள் ஈரமாக இருந்தன. "கடைசியில ஒரு உண்மையான புத்தகம்."

ஒரே அமர்வில் அனுமதி கிடைத்தது. சடங்கு ஒன்றுதான் பாக்கி: ஆசிரியர் வந்து வருந்த வேண்டும்.

பெனொய்த் அம்மாள் மன்றத்துக்கு வந்தபோது தலைவர் எழுந்து நின்றார். நாற்காலி போடச் சொன்னார். முதன்முறையாக 'நீங்க' என்றார்.

"உங்க புத்தகம் திருடு போயிடுச்சு. எங்க எல்லாருடைய ஆழ்ந்த வருத்தமும்."

பெனொய்த் அம்மாள் அந்த அறுபத்தொரு தாள்களையும் நின்றபடியே புரட்டினார். நாங்கள் காத்திருந்தோம். நாற்பத்து நாலில் அவர் விரல் நின்றது.

"இது நான் எழுதினது இல்ல."

தலைவர் முனேயைப் பார்த்துத் தலையசைத்தார். "எவ்வளவு இயல்பா வருது பாருங்க."

"ஐயா, இதுல மூணுல ஒரு பங்குக்கு மேல யாரோ எழுதினது. இந்த மருந்து ஆளைக் கொல்லும். ரெண்டு பேர் செத்தாச்சு."

"எழுதிக்கோங்க எழுத்தரே, ஒரு வார்த்தை விடாம. முன்னுரையில அப்படியே வரணும்."

எழுதினேன். தலைவர் அதைத் திருத்தி, உரக்கப் படித்தார்: 'இந்நூல் தான் எழுதியதே அல்ல என்றும், பிறர் கைபட்டுச் சிதைந்தது என்றும், இதில் உயிரைப் பறிக்கும் பிழைகள் உண்டு என்றும் ஆசிரியர் மிகுந்த வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறார்.'

"உயிரைப் பறிக்கும் பிழைகள்," என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். "நான் என் முன்னுரைகள்ல 'மன்னிக்க முடியாத பிழைகள்'னுதான் போட்டிருக்கேன். இது அதைவிடப் பணிவு. ஏழாம் பதிப்புல எடுத்துக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கு ஆட்சேபனை இல்லையே?"

"இதப் படிச்சா யாராவது அந்த மருந்தக் குடிக்காம இருப்பாங்களா?"

"ஏன் குடிக்காம இருக்கணும்? எல்லா ஆசிரியரும் இதைத்தான் சொல்றாங்க."

"அப்ப அந்த ஒரு தாளை மட்டுமாவது எடுத்துடுங்க. என் பேர் வேணாம். மத்ததெல்லாம் இருக்கட்டும்."

தலைவர் வருத்தப்பட்டது எனக்குத் தெரிந்தது. "அம்மா, ஆசிரியர் திருத்தினா ஆசிரியர் சம்மதிச்சதா ஆகும். சம்மதிச்சா அது திருட்டு இல்ல. திருட்டு இல்லன்னா முன்னுரை பொய். அந்தப் பொய்ய ஒழிக்கத்தானே நாங்க இங்க உக்காந்திருக்கோம். ஆசிரியரால கெட்டுப்போன புத்தகம் எத்தனையோ. அவங்க கை படாம பாத்துக்கறதுதான் இந்த மன்றம்."

பெனொய்த் அம்மாள் கூடையிலிருந்து தன் முப்பத்தெட்டுத் தாள்களை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"இதுதான் நான் எழுதினது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

முனே எழுந்து வந்தார். தாள்களைத் தொடாமல் முகர்ந்தார்.

"உங்க புத்தகம் திருடு போயிடுச்சுன்னு இப்பதான் சான்றிதழ் எழுதினோம். நீங்க வந்ததும் போட்ட கையெழுத்தும் அதுல இருக்கு."

"இருக்கு."

"அப்ப உங்க கையில இருக்கிறது எது?"

"என் புத்தகம்."

"திருடு போன புத்தகம் எப்படி உங்ககிட்ட இருக்கும்? அளவுலயும் சின்னது. முக்கியமான மருந்தெல்லாம் இல்ல. திருத்தம், அடித்தல். யாரோ உங்களை மாதிரி எழுதப் பாத்திருக்காங்க." அவர் அனுதாபத்தோடுதான் சொன்னார். "உங்க பேரைக் காப்பாத்தறது எங்க பொறுப்பும்மா."

அந்த முப்பத்தெட்டுத் தாள்கள் போலி என்று முத்திரையிடப்பட்டு மன்றத்தின் அலமாரிக்குப் போயின. இனி இதுபோல் எழுதும் எதுவும் போலியாகவே கருதப்படும் என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். பெனொய்த் அம்மாள் அப்போதும் அழவில்லை. அதனால் வருத்தப் படிவத்தில் 'அதிர்ச்சியில் கண்ணீர் வரவில்லை' என்று தலைவரே பெருந்தன்மையாக நிரப்பினார்.

*

அனுமதி பெற்ற பிரதியின் ஒவ்வொரு தாளிலும், கீழ் ஓரத்தில், இரண்டாம் எழுத்தன் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் போட வேண்டும். பிறகு தாள்களை எண்ணி, எண்ணிக்கையைக் கடைசித் தாளில் எழுதி, அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அச்சகத்தில் திரும்ப எண்ணுவார்கள். ஒரு தாள் குறைந்தால் எழுத்தன் பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடங்களில் என்னிடம் ஒரு தாளும் குறைந்ததில்லை.

ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை. நல்ல வெயில். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போயிருந்தார்கள். மூன்று மணிக்கு ஜெர்வே ப்ளான்ஷின் வண்டி வரும். சந்தைக்கு இன்னும் ஒரு வாரம். இரண்டு அச்சு எந்திரங்களை இதற்காகவே ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். எண்ணூறு பிரதிகள்.

பெனொய்த் அம்மாள் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. காலையிலிருந்து ஒரு பிரசவத்தில் இருந்திருக்கிறார் போல. சட்டைக் கை இன்னும் மடித்தபடியே இருந்தது, கழுவிய கைகள் சிவந்திருந்தன.

"பொண்ணா, பையனா?" என்று கேட்டேன்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனையாவது தாள்ல இருக்கீங்க?"

"முப்பத்தொன்பது."

"பெத்தவ சின்னப் பொண்ணு தம்பி. பதினெட்டுகூட ஆகல. வலியில என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'உங்க புத்தகம் அச்சுல வருதாமே, எங்க அத்தை ஒண்ணு வாங்கப்போறாங்க, இனிமே எங்க வீட்ல யாருக்கும் பயமில்ல'ன்னா."

நான் நாற்பதாம் தாளில் கையெழுத்திட்டேன். நாற்பத்தொன்று. மை காய மணல் தூவி ஊதினேன்.

"ஒரு தாள் குறைஞ்சா என்ன ஆகும் உங்களுக்கு?"

"வேலை போகும். மன்றத்துக்குள்ளயே திருட்டுன்னா ஜெயில்கூட உண்டு. முனே ஐயா விடமாட்டார்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லம்மா. அம்மா இருக்காங்க."

அவர் தலையசைத்தார். எதையோ கூட்டிக் கழித்துப் பார்த்து, விடை பிடிக்காதவர் போல.

"நான் நேத்து மன்றத்துல நின்னப்ப அதைப் படிச்சுப் பாத்துட்டேன். அந்தத் தாள்ல ரெண்டு பக்கமும் அந்த ஒரு மருந்துதான். முன்னாடி தாள் முழு வாக்கியத்தோட முடியுது. பின்னாடி தாள் புதுசா ஆரம்பிக்குது, கொழந்தையக் குளிப்பாட்டுறத பத்தி. நடுவுல ஒண்ணு இல்லன்னா அச்சு கோர்க்கிறவனுக்குக்கூடத் தெரியாது."

நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று. வெளியே செயின்ட் நிஸியே கோயிலில் இரண்டரை அடித்தது. நான் நாற்பத்து நாலாம் தாளை எடுத்து முன்னால் வைத்தேன். அந்த அழகான கையெழுத்தை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. பேனாவை மையில் தோய்த்தேன்.

"தம்பி," என்றார் பெனொய்த் அம்மாள். "ஏப்ரல்லேருந்து ஒரு திருடனத் தேடி இந்த ஊர் பூரா அலைஞ்சுட்டேன். கோயில்ல தேடினேன், பாலத்துல தேடினேன், சந்தையில தேடினேன். நல்லவங்களாவே வந்து நின்னாங்க. புத்தகம் இனிமே வேணாம். இந்த ஒரு தாளை மட்டும் எனக்காகத் திருடுவீங்களா?"